துண்டுக்குள் விரலும் திரையில் விலையும்: தென்காசிச் சந்தைகளின் கதை

சரக்கு கைமாறும் இடத்தில் எப்போதும் இரண்டு மறைவுகள் உண்டு. சரக்கின் உண்மையான தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் எவ்வளவு வரை போவார் என்பது அவருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. பொருளியலார் இதைத் தகவல் ஏற்றத்தாழ்வு என்கிறார்கள். அந்த ஏற்றத்தாழ்வு வியாபாரத்தைக் கெடுத்துவிடாதபடி சந்தையின் விதிகளை யோசித்து அமைப்பதைச் சந்தை வடிவமைப்பு என்கிறார்கள். இந்த இரண்டு துறைகளுக்கும் கணித வடிவம் கிடைத்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். ஆனால் அவை ஆராயும் சிக்கல்களோடு தென்காசி, குற்றாலம் வட்டாரத்துச் சந்தைகள் பல தலைமுறைகளாக மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. விலையின் மறைவை உடைக்க இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. தரத்தின் மறைவு அவ்வளவு சுலபமாக உடையவில்லை. இணையச் சந்தை வந்த பிறகும் நிலைமை இதுதான்.

பராக்கிரம பாண்டியர் 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய காலத்துக்கும் முன்பிருந்தே தென்காசி ஒரு வழித்தடத்தின் வாசல். மேற்கே ஆரியங்காவுக் கணவாய், அதற்கு அப்பால் மலையாள நாடு. சிற்றாற்றுப் பாசனத்தில் விளைந்த நெல்லும், கால்நடையும், கைத்தறித் துணியும் மேற்கே போயின. மிளகும் பாக்கும் மரமும் கிழக்கே வந்தன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்ததால் இந்தப் பாதையின் நடுவே ஓர் அரசியல் எல்லையும் இருந்தது. உப்பையும் புகையிலையையும் திருவிதாங்கூர் அரசு தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில், எல்லையின் இரண்டு பக்கத்து விலையும் தெரிந்தவர் கையில் காசு புரண்டது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை பெரும்பாலான சுங்கத் தடைகளை நீக்கியது. 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டை வரை மலையைக் குடைந்து ரயில் பாதை வந்தபோது, சரக்கோடு சேர்ந்து விலைச் செய்தியும் ஒரே நாளில் மலை தாண்டத் தொடங்கியது.

ஆனால் விலை என்ற எண்ணுக்கே நெடுங்காலம் பொருள் நிலையாக இல்லை. நெல்லைச் சீமையில் நெல்லின் பெரிய அளவு கோட்டை. ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் மாறியது. ஒரே மரக்காலிலும் தலை தட்டி அளப்பது ஒரு கணக்கு, குவித்து அளப்பது இன்னொரு கணக்கு. விவசாயியிடம் வாங்கும்போது குவியலாகவும் விற்கும்போது தலை தட்டியும் அளந்தால், சொன்ன விலை மாறாமலே லாபம் வந்துவிடும். அளவுகள் ஒரே சீராக நிலைபெற்றது 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டு வந்து, அது 1960களில் கட்டாயமான பிறகே. எடைக்கல்லில் அரசு முத்திரை விழுந்ததுதான் இந்தச் சந்தைகள் கண்ட மிக அடிப்படையான சீர்திருத்தம் என்று சொல்லலாம். மற்ற எந்த விதியும் அதன் மேல்தான் நிற்க முடியும்.

விலையை மறைப்பதையே விதியாகக் கொண்ட சந்தையும் இந்த வட்டாரத்தில் உண்டு. கடையநல்லூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே, 1927இல் திறக்கப்பட்ட விருதுநகர்-தென்காசிப் பாதையில் உள்ள ரயில் நிலையத்தின் பெயரே பாம்புக்கோவில் சந்தை. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் இது. பக்ரீத், தீபாவளி சமயங்களில் வெளிமாவட்ட வியாபாரிகளும் இத்தகைய சந்தைகளுக்கு வந்து குவிவார்கள்.

தென்மாவட்டக் கால்நடைச் சந்தைகளில் விலை பேசும் முறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் நுட்பம் புரியும். தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்துத் தன் கையையும் விற்பவர் கையையும் மூடுகிறார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசுகின்றன. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நான்கு விரலைச் சேர்த்துப் பிடித்தால் நான்கு, முழுக்கையையும் பற்றினால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது மாட்டையோ ஆட்டையோ பார்த்தாலே இருவருக்கும் விளங்கும். சம்மதமில்லை என்றால் கையை உதறுவார்கள். அதே துண்டோடு தரகர் வாங்குபவரிடம் போவார். ஒரு வார்த்தை வெளியே வராது. பக்கத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் ஒரு விலை நடந்தது தெரியும், எந்த விலை என்பது தெரியாது.

இந்த முறையால் விற்பவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அவசரத்துக்குக் குறைத்துக் கொடுத்த விலை ஊருக்குத் தெரியாது, அடுத்தவர் அதையே காட்டி விலையை இன்னும் இறக்க முடியாது. கடன்காரனுக்கும் தெரியாது. ஆனால் சந்தையில் அன்று நடந்த எல்லா விலையும் தெரிந்தவர் தரகர் ஒருவர் மட்டுமே. துண்டு காப்பாற்றிய ரகசியத்தின் பெரும் பயன் அவருக்கே போயிற்று. 1928இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான ராயல் கமிஷன், துணிக்கடியில் விலை பேசுவதை இந்தியச் சந்தைகளின் முறைகேடுகளில் ஒன்றாகக் கருதியதற்குக் காரணம் இதுதான்.

தரத்தைப் பொறுத்தவரை கால்நடைச் சந்தைக்கு ஒரு வசதி இருந்தது. சரக்கு உயிரோடு எதிரே நிற்கும். மாட்டின் கீழ்த்தாடையில் முன்பற்கள் எட்டு. இரண்டு பல்லா, நாலு பல்லா, எட்டும் முளைத்ததா என்று வாயைப் பிளந்து பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். ஆட்டின் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்துக் கறியின் கனத்தை ஊகிக்கலாம். அதற்கு எதிராக விற்பவர் கையாண்ட தந்திரங்களும் இருந்தன. ஆட்டுக்கு உப்பு தின்னக் கொடுத்து வயிறு நிறையத் தண்ணீர் காட்டுவது, கறவை மாட்டை ஒரு வேளை கறக்காமல் விட்டு மடி பெருக்க வைத்து ஓட்டி வருவது. இதை அறிந்த வாங்குபவர்கள், முந்தின நாளே விற்பவர் வீட்டுக்குப் போய்த் தாங்களே கறந்து பார்த்துவிட்டு விலை பேசினார்கள். தகவலைப் பெற இப்படிச் செலவு செய்யும் பழக்கம் பொருளியல் நூல்களில் பின்னாளில் தனி அத்தியாயம் ஆயிற்று.

தரத்தின் மறைவு ஒரு வட்டாரத்தின் பெயரையே கெடுத்த கதை பருத்தியுடையது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலும் அதற்குக் கிழக்கே கோவில்பட்டி வரை விரிந்த கரிசலும் கருங்கண்ணிப் பருத்திக்குப் பேர்போனவை. லிவர்பூல் சந்தையில் அது திருநெல்வேலியின் பெயராலேயே விலை கூறப்பட்டது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி நீரின் விசையில் நூற்பாலை எழுப்பியபோது உள்ளூரிலும் பெரிய வாங்குபவர் வந்துவிட்டார். பெயருக்கு விலை இருந்ததால் பெயரை மட்டும் வைத்துச் சரக்கை மாற்றுவதும் தொடங்கியது. புளிச்சை என்ற மட்ட ரகப் பருத்தியில் கொட்டை நீக்கினால் பஞ்சு அதிகம் தேறும், ஆனால் இழை குட்டை, நூலுக்கு உதவாது. அதைக் கருங்கண்ணியோடு கலந்து அரைத்துவிட்டால் பொதிக்குள் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பொதியில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுவதும் நடந்தது.

பொதியைப் பிரித்துப் பார்க்க முடியாத வெளியூர் ஆலை என்ன செய்யும்? எல்லாப் பொதியிலும் கலப்படம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கும். சுத்தமான கருங்கண்ணியைக் கொண்டு வருபவருக்கும் அந்தக் குறைந்த விலையே கிடைக்கும். அப்படியிருக்க அவர் ஏன் சுத்தமாகக் கொண்டு வர வேண்டும்? நல்ல சரக்கு விலக விலக, மிச்சமுள்ளதன் தரம் இறங்கும், விலை இன்னும் இறங்கும். 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் அமெரிக்காவின் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை விவரித்தது இதே சுழலைத்தான். அதற்காக அவருக்கு 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. கரிசல் காட்டு விவசாயிகள் அந்தச் சுழலில் அரை நூற்றாண்டுக்கு முன்பே மாட்டியிருந்தார்கள்.

அரசு இங்கே விலையைத் தொடவில்லை, சரக்கின் பாதையைத் தொட்டது. 1923ஆம் ஆண்டுப் பருத்திப் போக்குவரத்துச் சட்டம், பெயர் பெற்ற பருத்தி விளையும் பகுதிக்குள் வெளியிலிருந்து மட்ட ரகப் பருத்தி வருவதைத் தடுக்க வழி செய்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் அரவை ஆலைகளும் அமுக்கு ஆலைகளும் பொதியில் தங்கள் குறியை இட வேண்டும் என்றது. கலந்தவர் யார் என்பதைப் பொதியே சொல்லிவிடும் ஏற்பாடு அது. இவையும் போதாமல், 1932இல் சென்னை மாகாணம் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றிப் புளிச்சையைப் பயிரிடுவதையே தடுத்தது. ஒரு பயிரை நிலத்திலிருந்தே விலக்கும் அளவுக்குப் போக வேண்டியிருந்தது என்பதிலிருந்து, கலப்பைச் சந்தைக்குள் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஊகிக்கலாம். 1937இல் வந்த அக்மார்க் சட்டமும் இதே நோக்கத்தில் பிறந்தது. வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் தரத்துக்குச் சாட்சி சொல்லும் ஏற்பாடு அது.

விலைப் பக்கத்துச் சீர்திருத்தமும் அதே காலத்தில் நடந்தது. ராயல் கமிஷனின் பரிந்துரையை அடுத்து 1933இல் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறைச் சந்தை திறக்கப்பட்டது. 1959இலும் 1987இலும் வந்த சட்டங்கள் அதை விரித்து மாவட்டந்தோறும் விற்பனைக்குழுக்களை நிறுவின. தென்காசி, சங்கரன்கோவில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் திருநெல்வேலி விற்பனைக்குழுவின் கீழ் வந்தவை.

இந்தக் கூடங்களில் நடப்பது மறைமுக ஏலம். விவசாயி கொண்டு வந்த உளுந்தையோ கொப்பரையையோ எடை போட்டு, லாட் எண் கொடுத்துக் களத்தில் குவிக்கிறார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் பார்த்து, கையில் அள்ளிப் பார்த்து, தாங்கள் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். குறித்த நேரத்தில் அலுவலர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு லாட்டுக்கும் அதிக விலை எழுதியவர் பெயரை அறிவிக்கிறார். விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி மறுக்கலாம். எடைக்கூலி, சாக்குக் கழிவு, சாம்பிள் என்று தனியார் மண்டியில் பிடிக்கப்படும் கழிவுகள் இங்கே கிடையாது.

துண்டுக்குள் நடந்த பேரத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் தெளிவாகத் தெரியும். அங்கேயும் விலை மறைவு, இங்கேயும் மறைவு. ஆனால் இங்கே மறைவு ஒரு குறித்த நேரம் வரைக்கும்தான், அதுவும் வாங்குபவர்களுக்குள் ஒருவருக்கொருவர் மட்டும். பெட்டி திறந்ததும் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். அடுத்தவர் என்ன எழுதினார் என்று தெரியாததால், ஒத்துப்பேசி விலையை அமுக்க நினைப்பவர்களுக்கும் தங்களுக்குள் சந்தேகம் எழும். கூட்டுச் சேர்ந்த நாலு பேரில் ஒருவர் இரண்டு ரூபாய் கூட்டி எழுதிவிட்டால் மற்ற மூவருக்கும் சரக்கு இல்லை. வாயால் கேட்கும் ஏலத்தில் அந்தத் துரோகியை உடனே கண்டு எதிர்விலை கேட்டு மடக்கலாம், சீட்டு ஏலத்தில் முடியாது. எனினும் வியாபாரிகள் மொத்தமே ஐந்தாறு பேராக, தினமும் முகம் பார்ப்பவர்களாக இருக்கும் கூடத்தில் இந்தச் சந்தேகம் வலுவிழந்துவிடும். பெட்டியின் பலம் வெளியாள் ஒருவர் வந்து சீட்டுப் போடும் வாய்ப்பில் இருக்கிறது.

சீட்டு ஏலத்தின் கணக்கை 1961இல் வில்லியம் விக்ரே ஆராய்ந்தார். எழுதிய விலையையே கட்ட வேண்டும் என்றால் வியாபாரி தன் உண்மை மதிப்பைவிடக் குறைத்தே எழுதுவார். வென்றவர் இரண்டாவது அதிக விலையை மட்டும் கட்டினால் போதும் என்று விதியை மாற்றினால், உண்மை மதிப்பை எழுதுவதே அவருக்கு நல்லது என்று அவர் நிறுவினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் காலமானார். மக்களிடம் உள்ள தகவலை உண்மையாக வெளியே கொண்டு வரும் விதிகளைத் தேடும் முழுக் கோட்பாட்டை லியோனிட் ஹர்விட்ஸ், எரிக் மாஸ்கின், ரோஜர் மயர்சன் ஆகியோர் வளர்த்து 2007இல் அந்தப் பரிசைப் பெற்றார்கள்.

காய்கறியும் பழமும் பூவும் ஒழுங்குமுறைக் கூடத்துக்குப் பெரும்பாலும் வருவதில்லை. பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தை, புளியங்குடி எலுமிச்சை மண்டிகள், சங்கரன்கோவில் பூச்சந்தை எல்லாம் கமிஷன் கடைகளின் உலகம். கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் பக்கத்துக் கத்தரியும் வெண்டையும் சின்ன வெங்காயமும் பாவூர்ச்சத்திரத்தில் இறங்கிப் புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஏறுகின்றன. ஓணத்துக்கு முந்தைய வாரம் இங்கே விலை ஏறுவதும், ஓணம் முடிந்ததும் இறங்குவதும் ஆண்டுதோறும் நடப்பவை.

கமிஷன் கடைக்காரர் ஏலமும் விடுகிறார், கடனும் கொடுக்கிறார். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கிய விவசாயி அதே கடைக்குத்தான் சரக்கைக் கொண்டு போக வேண்டும். அடுத்த கடையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட என்று தெரிந்தாலும் அந்தத் தகவலால் அவருக்குப் பயன் இல்லை. தகவல் கிடைத்தால் சந்தை தானே சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கடன் பிணைப்பைக் கவனிக்கத் தவறுகிறார்கள். வங்கி கொடுக்காத கடனைக் கடைக்காரர் ஈடில்லாமல் கொடுக்கிறார் என்பதும் உண்மை. அவருக்கு விவசாயியைத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. அங்கேயும் தகவல் ஏற்றத்தாழ்வுதான் வேலை செய்கிறது.

எலுமிச்சை மண்டியில் தரத்தின் சிக்கல் கண்ணெதிரே நிற்கும். மூடையின் மேல்வாயில் பருத்த பழம், அடியில் பொடியும் சொறிப் பழமும். அனுபவசாலி வியாபாரி மேலே பார்ப்பதே இல்லை. கையை முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து நாலு பழத்தை எடுத்து, தோலை நகத்தால் கீறி, கனத்தைக் கையில் தூக்கிப் பார்க்கிறார். இல்லையென்றால் தரையில் கொட்டச் சொல்கிறார். கேரளத்தில் இருந்துகொண்டு போனில் வாங்குபவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் நம்புவது சாக்கின் மேல் எழுதிய கடை மார்க்கை. மார்க்கின் பெயர் கெட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு. ஆகவே விவசாயியின் மூடையைக் கொட்டிப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரிக்க வைப்பவர் அவர்தான். கமிஷன் என்று அவர் வாங்குவதில் ஒரு பகுதி இந்தப் பொறுப்புக்கான கூலி. இதை ஒப்புக்கொள்ளாமல் இடைத்தரகரை ஒழிப்பது பற்றிப் பேசுவது வீண்.

பெயரைக் காப்பாற்றும் பொறுப்பைத் தனியொருவரிடம் விடாமல் சமூகமே ஏற்றுக்கொண்ட ஏற்பாடுகளும் தென்மாவட்டங்களில் வலுவாக இருந்தன. நாடார் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் வழித்தடங்களில் பேட்டைகளை அமைத்து, உறவின்முறை என்ற சமூக அமைப்பின் வழியாகக் கட்டுப்பாட்டை நடத்தினார்கள். சரக்கின் மேல் வசூலித்த மகமைப் பணம் சத்திரமும் பள்ளியும் கட்டியது. கொடுக்கல் வாங்கலில் தவறியவர் ஒரு கடையில் மட்டும் பெயர் இழக்கவில்லை, உறவின்முறை முழுவதிலும் இழந்தார். கோர்ட்டுக்குப் போகாமலே ஒப்பந்தம் நிறைவேறியது. இணையச் சந்தைகள் வாங்குபவரின் நட்சத்திர மதிப்பீட்டின் மூலம் செய்ய முயல்வது இதையே. ஒரு வேறுபாடு உண்டு: உறவின்முறையில் பெயர் கெட்டவர் வேறு பெயரில் திரும்பி வர முடியாது.

குற்றாலத்தின் ஏலங்கள் வேறு வகை. அங்கே இரு தரப்புக்கும் தெரியாத ஒன்று விலைக்கு வருகிறது. தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீளும் சீசனுக்காக, அருவிக்கரைக் கடைகளும் வாகனக் கட்டணம் வசூலிக்கும் உரிமையும் முன்கூட்டியே ஏலம் போகின்றன. ஏலத்தில் கலந்துகொள்ள டேவணித் தொகை கட்ட வேண்டும். இல்லையென்றால் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டுப் பின்வாங்குபவர்கள் ஏலத்தையே கெடுத்துவிடுவார்கள். இது பழைய குத்தகை முறையின் வாரிசு. 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு தளபதி யூசுப்கானுக்குக் குத்தகைக்கு விட்டதும், இங்கே என்ன விளையும் என்பது ஆற்காட்டு நவாபுக்கோ கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ தெரியாததால்தான். சாலையோரப் புளியமரத்தின் மகசூலும் குளத்து மீன்பாசியும் இன்றும் அதே தர்க்கத்தில்தான் ஏலம் போகின்றன.

புளியமரத்தின் பூவைப் பார்த்து மகசூலை ஓரளவு சொல்லலாம். குற்றாலத்துச் சாரலை யாரால் சொல்ல முடியும்? மழை நன்றாகப் பெய்தால் எல்லாக் கடைக்கும் நல்லது, பொய்த்தால் எல்லாக் கடைக்கும் கெடுதி. இப்படிப் பொதுவான மதிப்புள்ள ஒன்றை ஏலம் விடும்போது, கேட்பவர்களில் மிகையாக நம்பிக்கை வைத்தவரே வெல்கிறார். வென்றதே அவர் கணக்கு மற்ற எல்லாருடையதையும் விடக் கூடுதல் என்பதற்குச் சாட்சி. எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971இல் இதை 'வென்றவரின் சாபம்' என்று விவரித்தார்கள். பொது மதிப்பு ஏலங்களின் கோட்பாட்டை உருவாக்கிய ராபர்ட் வில்சனும் பால் மில்க்ரோமும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் ஆய்வின்படி, இத்தகைய ஏலத்தில் வாயால் கேட்பது நல்லது. மற்றவர் எந்த விலையில் நிறுத்துகிறார் என்பதைப் பார்த்து ஒவ்வொருவரும் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று ஏலக்காரர் நீட்டி நிறுத்துவதில் அந்த அவகாசம் இருக்கிறது. மூடிய ஒப்பந்தப்புள்ளியில் அது இல்லை.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சீசனும் கொரோனாத் தடையில் போயிற்று. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு போனது, உடனே அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. இத்தகைய இழப்பை முழுவதும் குத்தகைதாரர் தலையில் சுமத்தினால் அடுத்த ஆண்டு ஏலத்தில் எல்லாரும் பயந்து குறைத்தே கேட்பார்கள். தடை விதிக்கப்பட்ட நாள்களுக்கு வாடகையைக் கழிக்கும் விதி ஏலத்துக்கு முன்பே எழுத்தில் இருப்பது குத்தகைதாரருக்கும் நல்லது, குத்தகைக்கு விடும் அமைப்பின் வருமானத்துக்கும் நல்லது.

விலையை ஊரறியச் செய்ததில் அடுத்த படி உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவது திறக்கப்பட்டு, பின் தென்காசி உட்படப் பல ஊர்களுக்கும் வந்தது. அன்றைய விலை காலையிலேயே பலகையில் எழுதப்படும், மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும். அடையாள அட்டை உள்ள விவசாயி மட்டுமே விற்கலாம். பிறகு கைபேசி. மலைக்கு அப்பால் வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைபேசிக் கோபுரங்கள் படிப்படியாக வந்ததைப் பின்தொடர்ந்து ராபர்ட் ஜென்சன் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. கடலிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்ப முடிந்ததும், ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, வாங்க ஆளின்றி மீனைக் கடலில் கொட்டுவது நின்றது. மத்தி மீன் எந்தக் கரையிலும் ஏறத்தாழ ஒரே மீன், கரையிறங்கியதும் கண்ணால் பார்க்கலாம். தரம் சிக்கலாக இல்லாத சரக்கில் விலைச் செய்தி மட்டுமே இவ்வளவு செய்தது.

2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களின் 21 சந்தைகளோடு தொடங்கிய தேசிய வேளாண் மின்னணுச் சந்தை, இ-நாம், சீட்டுப் பெட்டியின் இடத்தில் திரையை வைத்தது. 2023க்குள் நாடு முழுவதும் 1,300க்கும் மேற்பட்ட சந்தைகள் அதில் சேர்ந்தன. தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும் கட்டங்கட்டமாக இணைந்தன. சேர விரும்பும் மாநிலம் மூன்று விதிகளை ஏற்க வேண்டும்: மாநிலம் முழுவதற்கும் ஒரே உரிமம், ஒரே இடத்தில் மட்டும் சந்தைக் கட்டணம், மின்னணு ஏலம். வாசலில் லாட் பதிவாகிறது, மாதிரி எடுத்துத் தரம் சோதிக்கப்படுகிறது, வியாபாரி எங்கிருந்தும் விலை கேட்கலாம், பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஐந்தாறு பேர் மட்டும் சீட்டுப் போட்ட கூடத்துக்கு வெளியாளைக் கொண்டு வருவதே இதன் நோக்கம்.

வெளியாள் அவ்வளவாக வரவில்லை. மாநிலம் கடந்த வியாபாரம் இ-நாமின் மொத்தத்தில் சிறு பங்காகவே இருக்கிறது. திரையில் விலை கேட்பவர்களில் பெரும்பாலோர் அதே கூடத்தில் நின்று குவியலைக் கையால் அள்ளிப் பார்த்தவர்கள். கையை மூடைக்குள் விட முடியாத தூரத்து வியாபாரி சோதனைச் சான்றை நம்ப வேண்டும், சான்றில் உள்ளபடி சரக்கு இல்லாவிட்டால் நஷ்டம் யாருக்கு என்பது அவருக்குத் தெளிவாக வேண்டும். கமிஷன் கடை மார்க் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தது.

வெளிநாட்டு இணையச் சந்தைகளும் இதைக் கற்றுத்தான் தேறின. 1995இல் தொடங்கிய ஈபே அடுத்த ஆண்டே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டு வந்தது. குறை சொன்னால் பதிலுக்கு விற்பவரும் குறை எழுதிவிடுவார் என்ற பயத்தில் வாங்குபவர்கள் உண்மையை எழுதவில்லை. 2008இல் விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு தரும் உரிமையை அது நீக்கியது. சீனாவின் அலிபாபா 2004இல் அலிபே மூலம், சரக்கு கைக்கு வந்து சரிபார்க்கும் வரை பணத்தை நடுவில் நிறுத்தி வைக்கும் வழியைக் கொண்டு வந்தது. குற்றாலத்தில் சீசனுக்கு அறை தேடுபவரும் இன்று படத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார். வாழ்நாளில் ஒரு முறையே வரும் விருந்தாளிக்கு, தண்ணீர் வராத குளியலறையைப் பற்றி முன்பு தங்கியவர் எழுதிய நாலு வரிதான் காப்பு.

வேளாண் சரக்கில் திரைக்கு ஏற்றதும் ஏற்காததும் இப்போது தனித்தனியாகப் பிரியத் தொடங்கிவிட்டன. கொப்பரையின் ஈரப்பதத்தைக் கருவி அளந்துவிடும். உளுந்தில் கல்லும் வண்டும் எத்தனை சதவீதம் என்று எண்ணிச் சொல்லலாம். இத்தகைய சரக்கில் பரிசோதனைக் கூடமும் பொறுப்பேற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் சேர்ந்தால் தூரத்து வியாபாரியும் விலை கேட்க முடியும். கத்தரியின் சொத்தையும் எலுமிச்சையின் சாறும் இன்னும் கண்ணுக்கும் கைக்குமே பிடிபடுகின்றன. சங்கரன்கோவில் மல்லிகை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு அன்று மாலைக்குள் மலர்ந்துவிடும். மாதிரி எடுத்துச் சான்று வாங்கும் நேரத்துக்குள் அதன் விலை பாதியாகிவிடும் என்பதால் பூச்சந்தையில் ஏலம் இன்றும் குவியலின் முன்னால் நின்று, வாயால், சில நிமிடங்களில் முடிகிறது.